இருநூறாவது எட்டு

ஓட்டுநர் தேர்வு மைதானத்தில் அந்த இன்ஸ்பெக்டர் அம்மாளுக்குச் 'சிவப்பு மை' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை. அவ்வளவு தைரியம் யாருக்கு இருக்கிறது? பத்தொன்பது வருஷ சர்வீஸ். வண்டியில் எட்டுப் போடும்போது கால் தரையைத் தொட்டால் போச்சு, மந்திரி வீட்டு மாப்பிள்ளையானாலும் அடுத்த தேதிதான்.

முன்பெல்லாம் மாதத்துக்குத் தொண்ணூறு பேர் வருவார்கள், நூற்றுக்கு அறுபது தேறும். இப்போது வீடு வீடாய்ச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பெருகிவிட்டது. ஆளாளுக்கு லைசென்ஸ் வேண்டும், பழகத்தான் நேரமில்லை. கூட்டம் இருநூறாயிற்று, தேர்ச்சி நூற்றுக்கு நாற்பத்து மூன்றாய் இறங்கிவிட்டது. இதில் இவள் குற்றம் என்ன? மேலிடத்துக்கு அதெல்லாம் எங்கே புரிகிறது! இந்த மாதம் பாதிப் பேராவது தேறாவிட்டால், நாலு மணி நேரப் பயணத்தில் இருக்கும் அலுவலகத்துக்கு மாற்றல் என்று கடிதம் வந்துவிட்டது.

அதைப் படித்ததிலிருந்து அவளுக்கு வீட்டு நினைப்புதான். வீட்டில் புருஷன் ஒரு பக்கம் கைகால் விழுந்து கட்டிலோடு கிடக்கிறார். மத்தியானம் இவள் ஓடிப்போய்ச் சோறு ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வரவேண்டும். இவள் போய்விட்டால் அந்த மனுஷனை யார் பார்ப்பது?

மாதக் கடைசி நாள். நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் முடிந்தாயிற்று, தேறியவர்கள் தொண்ணூற்றொன்பது. கடைசியாக ஸ்கூட்டரில் ஒரு தையல்காரி. அவளுக்கு இது மூன்றாம் தடவை.

முதல் வளைவு நன்றாகத்தான் போனது. இரண்டாவதில் வண்டி சாய, இடது கால் தரையில் ஊன்றியது. கண் இமைக்கும் நேரம்தான். இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்து கையிலிருந்த தாளைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அப்படிக் குனிந்ததே இல்லை. 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சீட்டைக் கொடுத்தாள்.

அறைக்குள் வந்து மாதக் கணக்கை எழுதினாள். நூறு. சரியாகப் பாதி. நிம்மதி வந்திருக்க வேண்டுமே? எங்கே வந்தது! மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்று சும்மாவா சொன்னார்கள்? தெருவில் யாரோ பிரேக் பிடித்த சத்தத்துக்குக்கூட நிமிர்ந்து பார்த்தாள்.

கதவருகே அந்தத் தையல்காரி வந்து நின்றாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? நான் காலை ஊனிட்டேனே, நீங்க பாக்கலையா?"

இன்ஸ்பெக்டர் கணக்கிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அதான் பாஸ் போட்டாச்சே. வீட்டுக்குப் போம்மா."

"இல்ல மேடம். அந்தம்மா பாஸ் போட்டா கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்னு என் வீட்டுக்காரர் சொல்வாரு. பக்கத்து ஆபீஸ்ல ஈஸின்னு எல்லாரும் சொன்னாங்க, நான்தான் மூணு தடவையும் உங்ககிட்டயே வந்தேன். நாளையிலேர்ந்து என் பொண்ணைப் பின்னாடி உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போகணும். நீங்களே சொல்லுங்க, உக்கார வெக்கலாமா?"

இன்ஸ்பெக்டர் மேஜை மேலிருந்த கணக்கைப் பார்த்தாள்.

"வேணாம்மா" என்றாள் கடைசியில். "இப்போ வேணாம்."

அவள் கையிலிருந்த சீட்டைத் திரும்ப வாங்கிக் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். கணக்கில் நூறை அடித்துத் தொண்ணூற்றொன்பது என்று திருத்தினாள்.

"ரெண்டு வாரம் நல்லாப் பழகிட்டு வா."

"வந்தா நீங்களேதானே மேடம் பாப்பீங்க?"

இன்ஸ்பெக்டர் அந்த மாற்றல் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மணி பன்னிரண்டரை, வீட்டில் அவர் பசியோடு காத்திருப்பார்.