கோயிலாக இருந்த வீடு வாடகைக்கு

போன ஞாயிற்றுக்கிழமை காலை ரெக்ஸ் வந்து நின்றார். கையில் போன். முகம் சரியில்லை.

ரெக்ஸ் எங்கள் தெருக்காரர். கீரனூரில் பஸ் ஏறி, தினமும் திருச்சியில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு வேலைக்குப் போகிறவர். மனைவி ஜெசிந்தா நர்ஸ் — ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் வேலை. அவர்களுடைய நாலு வயதுப் பெண் குழந்தை இங்கே, ஜெசிந்தாவின் அம்மா புஷ்பம் அக்காவிடம் வளர்கிறது.

"சார், ப்ரொஃபானீருங்னா என்ன?" என்றார்.

எனக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் தெரியாத சொல்லை டைரியில் எழுதி வைத்துக்கொண்டு அர்த்தம் தேடுகிற ஆள் என்பது தெருவுக்குத் தெரியும். (உங்களுக்கும் தெரியும். இந்தப் பத்தியில் நான் தப்பாக எழுதிய வாரங்களில் திருத்தி எழுதுகிறவர்கள் நீங்கள்தானே?)

விஷயம் இதுதான். கணவனையும் குழந்தையையும் அழைத்துக்கொள்ள வேண்டுமென்றால், மூன்று பேருக்குப் போதுமான வீடு இருப்பதாக ஜெசிந்தா அங்கே காட்ட வேண்டும். வீடு கிடைப்பதோ குதிரைக் கொம்பு. அலைந்து அலைந்து ஒன்று அமைந்திருக்கிறது. புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒரே ஒரு சிக்கல்... அந்தக் கட்டடம் முன்பு மாதா கோயிலாக இருந்தது. ஆள் வரத்து குறைந்து கோயிலை மூடிவிட்டார்கள். பிறகு உள்ளே தளம் போட்டு, தடுத்து, வீடுகளாக ஆக்கிவிட்டார்கள். அப்படி மூடியதற்கு ஜெசிந்தா சொன்ன பெயர்தான் ப்ரொஃபானீருங்.

ரெக்ஸ் சும்மா இருந்திருக்கலாம். போனில் தட்டிப் பார்த்தார். இங்கிலீஷில் 'டிசக்ரேஷன்' என்று வந்தது. அதைத் தமிழில் தட்டினார். 'புனிதத்தைக் கெடுத்தல்' என்று வந்தது. பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தார்.

புஷ்பம் அக்காவுக்குப் பிறந்த ஊர், பழைய மாதா கோயில் உள்ள ஆவூர். பிறந்ததிலிருந்து கோயில் மணிக்கு எழுந்து பழகியவர். கெடுத்த கோயிலில் என் பேத்தி குடியிருக்க மாட்டாள் என்று உடனே மகளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம். மகள் அழுதிருக்கிறாள். ரெக்ஸ் என்னிடம் வந்துவிட்டார்.

நானும் அகராதிகளைத் திறந்தேன். நான் போனது ஒரு சொல்லுக்கு. கிடைத்தது ஒரு குடும்பம். எண்ட்வையுங், எண்ட்ஹைலிகுங், ஷெண்டுங், ப்ரொஃபானீருங் — நாலுக்கும் எதிரே இங்கிலீஷில் அதே 'டிசக்ரேஷன்'. நாலு பேருக்கும் ஒரே அளவில் தைத்த சட்டை மாதிரி.

உள்ளே போய்ப் பார்த்தால் நாலும் வேறு ஆட்கள். ஷெண்டுங்குக்குள் அவமானம் இருக்கிறது. கல்லறையை உடைக்கிறவன் செய்வது அது. எண்ட்வையுங் என்பது புனிதமாக்கியதன் புனிதத்தைப் போக்குவது. எண்ட்ஹைலிகுங்கை, ஓய்வுநாளை மதிக்காமல் நடப்பதற்கும் சொல்வார்களாம். ப்ரொஃபானீருங்கோ ஆயர் கையெழுத்துப் போட்டு நடத்துவது. கடைசிப் பூசை வைத்து, நற்கருணை அப்பத்தை மரியாதையாக வெளியே எடுத்துப் போய், அணையாவிளக்கை அணைத்து, இனி இது வெறும் கட்டடம் என்று வாசித்துவிடுவார்கள். அதன் லத்தீன் வேரைத் தோண்டினால், 'கோயிலுக்கு வெளியே' என்று மட்டுமே பொருள். யாரும் எதையும் கெடுக்கவில்லை.

பூசை முடிந்து அக்கா வரும் நேரம் பார்த்து, ரெக்ஸோடு அவர் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். ஓய்வுநாள் விஷயம் வந்தபோது மட்டும் மருமகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"பூசை நேரத்துல மாப்ள ஒங்க வீட்டுல உக்காந்து வார்த்த தேடிக்கிட்டிருந்தாரே... அது இந்த நாலுல எது தம்பி?"

ரெக்ஸ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

நான் விடவில்லை. எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயில் திருப்பணியை நினைவுபடுத்தினேன். பாலாலயம் செய்து, சாமியைக் கலசத்தில் எழுந்தருளப் பண்ணி வெளியே வைத்த பிறகு, மூலஸ்தானத்துக்குள் கொத்தனார் சாரம் கட்டி ஏறவில்லையா? அதைப் புனிதத்தைக் கெடுத்தல் என்று யாராவது சொன்னார்களா? எனக்கே என் உதாரணம் பிடித்திருந்தது.

"சொல்லல. ஆனா கும்பாபிசேகத்தன்னைக்குப் பிள்ளையாரு திரும்ப உள்ள போயிட்டாருல்ல? அங்க ஆண்டவரு திரும்பப் போக மாட்டாருல்ல தம்பி?"

நான் டைரியை மூடினேன்.

சற்று நேரத்தில் ஜெசிந்தாவே வீடியோ காலில் வந்தாள். அம்மா திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. பீடம் இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டார். மாடிப்படி என்றாள் மகள். அவளுக்கு வருகிற வீடு மூன்றாவது தளத்தில், முன்பு வெறும் அந்தரமாக இருந்த உயரத்தில். அந்த உயரத்தில் அன்றைக்குப் புறாதான் இருந்திருக்கும், மீன் குழம்பு வைத்தால் யாருக்கும் குற்றமில்லை என்றாள். அக்கா சிரிக்கவில்லை.

"அந்தக் கோயிலுக்கு வந்த சனமெல்லாம் எங்கிட்டுடி போச்சு?"

ஜெசிந்தா சொன்னாள்: "செத்தவங்க போக பாதிப் பேரு எங்க ஹோம்லதாம்மா இருக்காங்க. நாந்தான் குளிப்பாட்டி விடுறேன்."

அதில் ஒரு பாட்டிக்கு அந்தக் கோயிலில்தான் கல்யாணம் நடந்ததாம். கடைசிப் பூசைக்கும் சக்கர நாற்காலியில் போயிருக்கிறார். அந்த இடத்தில் வீடு பார்த்திருப்பதாக ஜெசிந்தா தயங்கித் தயங்கிச் சொன்னபோது, குழந்தையும் வருகிறதா என்றுதான் முதலில் கேட்டாராம். அந்தக் கோயிலில் கடைசியாக ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது எந்த வருஷம் என்று அவருக்கே ஞாபகமில்லையாம்.

அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டார். கொல்லைப்பக்கம் குழந்தை தகப்பனிடம் ஏதோ கதை அளந்துகொண்டிருந்தது.

"சரி. வீட்டப் பிடி" என்றார்.

நாம் என்ன செய்கிறோம் பாருங்கள். ஒரு ஊரின் சொல், நடுவில் இங்கிலீஷ் என்ற ஒரு தரகர் வழியாக நம் வீட்டுக்கு வருகிறது. தரகர் அவசரக்காரர், நாலு சரக்குக்கும் ஒரே விலை சொல்கிறார். நாமும் அதை நம்பி வீட்டுக்குள் சண்டை போடுகிறோம். அந்த ஊர்க்காரரிடமே ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

செவ்வாய்க்கிழமையே ஜெசிந்தா கையெழுத்துப் போட்டுவிட்டாள். நேற்று அவள் கூப்பிட்டபோது நானும் அங்கே இருந்தேன். கூட வேலை பார்க்கிறவர்கள், 'ஐன்வையுங் எப்போது' என்று நச்சரிக்கிறார்களாம். புது வீட்டுக்குக் குடி போகும்போது வைக்கிற விருந்துக்கு அதுதான் பெயர். வையுங் என்றால் புனிதமாக்குவது; எண்ட் சேர்ந்தால் அதை எடுத்துவிடுவது. ஐன் சேர்ந்தால் உள்ளே கொண்டுவருவது. முன்னொட்டு ஒன்றுதான் வித்தியாசம் என்று அக்காவுக்கு விளக்க வாயெடுத்தேன்.

அவர் அதற்குள் பதில் சொல்லிவிட்டார்.

"அத்தன பேரு வையுங்க வையுங்கன்னு கேக்குறாங்கள்ல... மொதல்ல அடுப்புல பால வைடி."