மூன்று சிறப்பு விருந்தினர்கள்

குமுதா கோபப்பட்டால் கிள்ளான் ஆறே ஒதுங்கிப் போகும் என்று அடுக்குமாடிக்காரர்கள் கேலி பேசுவார்கள். அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. மலேசியாவின் கிள்ளானில், அந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், அவள் குழந்தைகள் காப்பகம் நடத்தினாள். பெருமழை பெய்தால் வெள்ளம் நேராக அதற்குள்தான் வரும். பாய், பொம்மை, பால்மாவு எல்லாம் சேறாகிவிடும். போன வெள்ளத்தோடு பெற்றோர்களுக்குப் பொறுமை போய்விட்டது. இன்னொரு தடவை தண்ணீர் வந்தால் பிள்ளைகளை வேறிடத்தில் சேர்த்துவிடுவோம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

அரசாங்கம் கைகட்டிக்கொண்டு நின்றது என்று சொல்ல முடியாது. வடிகால்காரர்கள் வந்து கால்வாயை அகலமாக்கினார்கள். சாலைக்காரர்கள் வந்து சாலையை உயர்த்தினார்கள். வீடமைப்புக்காரர்கள் கார் நிறுத்துமிடம் முழுக்க சிமெண்ட் போட்டார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகத் திறப்பு விழா நடத்தி, படம் பிடித்துக்கொண்டு போனார்கள். உயர்ந்த சாலை கால்வாய்க்குப் போகும் வழியை மறித்துவிட்டது. மழைத்தண்ணீர் சிமெண்ட் தரையில் சறுக்கிக்கொண்டு குமுதாவின் வாசலுக்கு வந்தது. அகலமான கால்வாயோ காய்ந்து கிடந்தது! வயிறு எரியுமா எரியாதா?

அந்த வருடம் குடியிருப்புக் கோயிலில் திருவிழா வந்தது. நம்மவர்களுக்குத்தான் சிறப்பு விருந்தினர் இல்லாமல் விழாவே ஓடாதே. கோயில் தலைவர் தம்புசாமி, தனக்குத் தெரிந்த சாலை அதிகாரி சிவேந்திரனை அழைத்தார். பொருளாளர் வீடமைப்பு அதிகாரி லிம்மை அழைத்தார். செயலாளர் குமுதா, வடிகால் அதிகாரி அஸ்மானை அழைத்தாள். ஒருவரும் மற்றவரிடம் மூச்சு விடவில்லை. மூன்று கார்கள் ஒன்றாக வந்து நின்றன. வாங்கி வைத்திருந்ததோ ஒரே மாலை.

தம்புசாமிக்கு வியர்த்துக் கொட்டியது. "யாரு கழுத்துல போடறதும்மா?"

"அம்மனுக்கே போட்டுடுங்கண்ணே. மூணு பேரையும் ஒரே பந்தியில உட்கார வைங்க, பசியோட வந்திருக்காங்க," என்றாள் குமுதா.

ஒரே சந்தில் வேலை செய்த மூவரும் அன்றுதான் முதன்முதலில் முகம் பார்த்தார்கள்.

"அந்த ரோட்டை ஏத்துனது நீங்களா?" என்று அஸ்மான் ஆங்கிலத்தில் கேட்டார்.

"அப்ப அந்தக் கால்வாய் உங்களுதா?" என்றார் சிவேந்திரன். லிம் பாயசத்தைக் கீழே வைத்துவிட்டு, "சிமெண்ட் போட்டது நான்தான்," என்றார்.

சாப்பிட்ட கையோடு மூவரும் சந்துக்குப் போனார்கள். சாலைக்கு அடியில் குழாய் பதித்து, சிமெண்டை ஓரமாக வெட்டினால் தண்ணீர் கால்வாய்க்குப் போய்விடும். அது மூவருக்கும் புரிந்தது. ஆனால் எந்த அமைச்சின் ஒதுக்கீட்டில் செய்வது? மூவரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள்.

"ஒதுக்கீடு கொடுக்கிற இடத்துக்கே போவோம் லா," என்றாள் குமுதா. மூவரையும் விடாமல் நச்சரித்து, அமைச்சுகள் எல்லாம் இருக்கும் புத்ராஜெயாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே மேலதிகாரி அம்மையார், முடிந்த வேலைகளைத் திரையில் போட்டுக் காட்டினார். குமுதா எழுந்தாள். "மேடம், கால்வாய் எவ்வளவு அகலம்னு பார்க்கறீங்க. எத்தனை வீட்டுக்குள்ள தண்ணி வரலன்னு பாருங்க. அதுக்கு மூணு பேரையும் சேர்த்தே பொறுப்பாக்குங்க."

அம்மையார் திரையை அணைத்துவிட்டு மூவரையும் கேள்வி கேட்டார். பிறகு ஒத்துக்கொண்டார். மூன்று இலாகாவுக்கும் ஒரே ஒதுக்கீடு, மேசையில் குடியிருப்பாளர்களுக்கும் நாற்காலி. முதலில் கிள்ளானில் செய்து பார்ப்பது என்று முடிவானது.

வேலை முடிந்த கொஞ்ச நாளில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பெற்றோர்களின் அழைப்பில் குமுதாவின் கைப்பேசி ஓயவில்லை. "பிள்ளைங்களைத் தூக்கிட்டுப் போக வரட்டுமா ஆன்டி?"

வாசலில் வெறுங்காலோடு நின்றிருந்தாள் குமுதா. கால்வாயில் தண்ணீர் இரைந்து ஓடியது. உள்ளே தரை காய்ந்திருந்தது.

"வராதீங்க! எல்லாம் தூங்குதுங்க!" என்று கத்தியவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

இனி எந்த ஊரில் வெள்ளத் திட்டம் போட்டாலும் இப்படித்தான் என்று ஒதுக்கீடு கொடுத்த அமைச்சு அறிவித்தது. அன்று அடுக்குமாடியே பட்டாசு வெடித்தது. ஒரு பிள்ளையும் காப்பகத்தை விட்டுப் போகவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலை, வடிகால் அதிகாரி அஸ்மான் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, அங்கே சேர்த்துவிட்டுப் போனார்.