எடு, கொண்டா, வை, இரு

நாய்க்குட்டியைப் பழக்குவதெல்லாம் துரைமார் வீட்டு வேலை என்று என் கணவர் சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்றே வாரத்தில் அதற்கு நான்கு சொற்களைச் சொல்லிக்கொடுத்தேன்: எடு, கொண்டா, வை, இரு. ஒவ்வொன்றுக்கும் ஒரு விள்ளல் கருப்பட்டி. 'இரு' என்றால், நான் 'வா' என்று கூப்பிடும்வரை அசையாது.

அடுத்து நான்கையும் கோக்க வேண்டும். அங்கேதான் உயிரை வாங்கியது. கவ்வியதை நடுவழியில் போட்டுவிட்டுக் கருப்பட்டிக்கு ஓடிவரும். கடைசி வேலையை முதலில் பழக்கி, அதற்கு முன்னால் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன், பிடித்துக்கொண்டது. அதன்பிறகு 'எடு' என்ற ஒரு சொல்லே போதும். பழஞ்சேலையைச் சுருட்டிச் செய்த பொம்மையைக் கவ்வி வந்து, பத்து மாதக் குழந்தையான என் மகளின் மடியில் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்துகொள்ளும். அவள் கைகொட்டிச் சிரிப்பாள். நான் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

ஒருநாள் காலை அடுப்படியில் இருந்தபடியே 'எடு' என்று குரல் கொடுத்தேன். பொம்மையைத் துவைத்துக் கொடியில் போட்டது நினைவில்லை. குட்டி கொல்லைக்கு ஓடித் திரும்பி வந்தது. நான் கருப்பட்டியோடு போய்ப் பார்த்தேன். குழந்தையின் மடியில் கிடந்தது செத்த எலி. அவள் அதன் வாலைப் பிடித்திருந்தாள்.

அந்த 1930களில், கோயமுத்தூரில் எலி செத்து விழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பிளேக். எலியைத் தட்டிவிட்டுக் குழந்தையை வாரி எடுத்தபோது குட்டியைப் பார்த்தேன். இன்றும் என்னை உலுக்குவது அந்தப் பார்வைதான். சொல்லிக்கொடுத்ததை ஒன்றுவிடாமல் செய்துவிட்டு, கருப்பட்டிக்குக் காத்திருந்தது.

"எலி உளுந்துருச்சு. கெளம்பு" என்றார் கணவர். தெருவே காலியாயிற்று. அன்னூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஒரு சாளை இருந்தது. குடிசைதான், ஆனாலும் ஊருக்கு வெளியே. வண்டி நகர்ந்ததும் குட்டி பின்னாலேயே ஓடி வந்தது.

"எலியைக் கவ்வுன வாயி. பாப்பா பக்கத்துல வேண்டாம்" என்றார் அவர்.

நான் மறுக்கவில்லை. வண்டியில் இருந்தபடியே 'இரு' என்றேன். நடுத்தெருவில் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

சாளையில் பத்து நாள் குழந்தையின் அக்குளையும் தொடையிடுக்கையும் தடவித் தடவிப் பார்த்தேன். நெறி கட்டவில்லை. பிழைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பினோம். காலித் தெருவுக்குக் காவல் இருந்தவர் என்னிடம் வந்தார்.

"ஏனுங்க அம்மணி, அது உங்க நாயிங்களா? எல்லாரும் போனப்பறம் ரெண்டு நாளா நடுத்தெருவுலயே உக்காந்திருந்துச்சுங்க. சோறு வெச்சுக் கூப்பிட்டேன், நகரவே இல்லீங்க."

"அப்பறம்?"

அவர் தெருவோரத்தில் இருந்த சின்ன மண்மேட்டைக் காட்டினார்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை எனக்கு நேரம் இருந்தது. 'வா' என்று கத்தியிருந்தால் அதற்குக் கேட்டிருக்கும். கேட்டால் வந்துவிடுமே என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.