ஆகண்டி என்றால் ஆகட்டும் அல்ல

கார் ஓட்டும் தேர்வில் நான் முதன்முறை தோற்றதற்கு என் ஊர்ப்பேச்சுதான் காரணம். நான் கோயம்புத்தூர்க்காரி. எங்கள் பக்கத்தில் யார் எதைச் சொன்னாலும் "ஆகட்டுங்க" என்று தலையாட்டுவோம். சரி, நல்லது, அப்படியே செய்யுங்கள், எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல் போதும். ஹைதராபாத்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத நிலையில் அது என்னைக் கம்பத்தில் மோதவிடும் என்று யார் கண்டது?

கணவருக்கு ஐ.டி. வேலை மாற்றலாக, ஏ.எஸ்.ராவ் நகரில் வீடு எடுத்திருந்தோம். நான் பிசியோதெரபிஸ்ட். விழுந்து எலும்பு முறிந்தவர்களை, அறுவை சிகிச்சை ஆனவர்களை மறுபடி நடக்கவைப்பது என் தொழில். வீடு தேடிப்போய்ச் சிகிச்சை தரும் நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை தயாராக இருந்தது. காலையில் லோத்குண்டா, மதியம் ஹப்சிகுடா என்று கருவிப் பெட்டியோடு அலையவேண்டும் என்பதால் கார் ஓட்ட லைசென்ஸ் கட்டாயம். மழைக்காலம் முடியும்வரை இடத்தை வைத்திருக்கிறோம், அதற்குமேல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஊரில் ஸ்கூட்டரைத் தவிர வேறெதையும் தொடாதவள் நான். ஆனால் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து பைத்தியம் பிடிக்காத குறை. அந்த வேலை எனக்கு வேண்டும், கட்டாயம் வேண்டும்.

தேர்வில் இருபுறமும் கம்பம் நட்ட 'எச்' வடிவத் தடத்தில் காரைப் பின்பக்கமாக எடுக்கவேண்டும். நன்றாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் நின்ற ஆய்வாளர் "ஆகண்டி" என்றார். ஆட்டோவில் இறங்கும்போது, வண்டியை நிறுத்துங்கள் என்பதற்கு "ஆபண்டி" என்று சொல்லப் பழகியிருந்தேன். இது காதுக்குப் புதிது. இருந்த பதற்றத்தில் அது அப்படியே எங்கள் ஊர் "ஆகட்டுங்க" மாதிரி விழுந்தது. அட, மனுசன் நம்மைத் தட்டிக்கொடுக்கிறாரே என்று ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தேன். அவர் சத்தமாக "ஆகண்டி, ஆகண்டி!" என்றார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கம்பம் சாய்ந்தது.

வீட்டுக்கு வந்தால் கணவர் வழக்கம்போலத் தொடங்கினார்.

"உடு கண்ணு, எல்லாம் நல்லதுக்குத்தான்."

"கம்பம் சாஞ்சதுல என்னங்க நல்லது?"

"பாசிட்டிவா யோசி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் தினமும் சூரியன் உதிக்கும் படத்தோடு இதே அறிவுரைதான் வந்து விழும். சோற்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஆறாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்பவள் அவள், எல்லாம் பள்ளிக்கூட வேனில் கற்றது.

"எலா படிபோயாவு மம்மி?" என்றாள். எப்படி விழுந்தாய் என்று அர்த்தம்.

எனக்குச் சுருக்கென்றது. அது என்னுடைய கேள்வி. விழுந்து வருபவர்களிடம் நான் முதலில் கவலைப்படாதீர்கள் என்று சொல்வதே இல்லை. எப்படி விழுந்தீங்க, எந்தக் காலை முதலில் வைத்தீங்க, கை எங்கே இருந்தது என்றுதான் கேட்பேன். அது தெரியாமல் ஆறுதல் சொன்னால் அவர்கள் அதே இடத்தில் மறுபடி விழுவார்கள். ஊரில் இருந்தபோது நான் ஃபோனில் நோயாளிகளைக் கேட்டுக் கேட்டு இவளுக்கு மனப்பாடமாகியிருக்கிறது.

"நான் எங்க விழுந்தேன், கம்பந்தான் விழுந்துச்சு" என்றேன் முறைப்பாக. ஆனாலும் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஆகண்டி என்ற இடத்துக்கு வந்ததும் அவளுக்குத் தயிர்சாதம் புரையேறிவிட்டது.

"மம்மி! ஆகண்டி அண்டே ஸ்டாப்!"

கணவரும் சிரித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட நிம்மதியாக இருந்தது. காலும் கையும் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கின்றன. பழுது காதில் மட்டும்தான். பழுது எங்கே என்று தெரிந்துவிட்டால் எனக்குத் தெம்பு வந்துவிடும்.

சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தால் போதாது, கால் அதற்குப் பழகவேண்டும். எங்கள் தொழிலில் இது பாலபாடம். அன்றிலிருந்து மகள் நினைத்தபோதெல்லாம் "ஆகண்டி!" என்று கத்துவாள், நான் இருந்த இடத்திலேயே நிற்கவேண்டும். தோசைக் கரண்டியோடு நின்றேன். துணி உலர்த்தும்போது ஒரு கை மேலே தூக்கியபடி நின்றேன். தோசை பல கருகின. "இந்த ஊட்டுல இனி தோசையே கிடையாதா?" என்று கணவர் பரிதாபமாகக் கேட்டார்.

பழகியது கொஞ்சம் அதிகமாகிவிட்டது. இரண்டாம் தேர்வில் கம்பங்களை ஒழுங்காகக் கடந்து, சரிவில் ஏறிக்கொண்டிருந்தேன். தடத்துக்குக் குறுக்கே டீ கிளாசோடு ஒருவர் வந்துவிட்டார். ஆய்வாளர் அவரைப் பார்த்து "ஆகண்டி!" என்று ஒரு சத்தம் போட்டார். நான் சரிவின் நடுவில் நச்சென்று நின்றுவிட்டேன். வண்டி அணைந்து மெதுவாகப் பின்னால் உருண்டது. டீக்காரர் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தார்.

"பர்வாலேது, மள்ளி ட்ரை செய்யண்டி" என்றார் ஆய்வாளர். பரவாயில்லை, மறுபடி முயலுங்கள் என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்குப் போகும்வரை சிரித்துக்கொண்டே போனேன். இந்தமுறை எப்படி விழுந்தேன் என்று யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை. சரிவில் நின்ற வண்டியை மறுபடி கிளப்பத் தெரியவில்லை, அதைக் கற்றுக்கொண்டால் போதும். மழைக்காலம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது.

பயிற்சிப் பள்ளிக் காரில் மேடு தேடித் தேடிப் போய் நிறுத்திக் கிளப்பினேன். மூன்றாம் தேர்வில் கம்பம், சரிவு எல்லாம் முடித்து இறங்கினேன். ஆய்வாளர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பர்வாலேதம்மா" என்றார்.

போனமுறையும் இதைத்தானே சொன்னார்? வேலை போயிற்று என்றே நினைத்தேன். "மள்ளி எப்புடு ராவாலி சார்?" என்று, திரும்ப எப்போது வரவேண்டும் என்பதைத் திக்கித் திணறிக் கேட்டேன்.

"மள்ளி எந்துக்கு? பாஸ் அய்யாரு!" என்று சிரித்தார்.

நாமும் அப்படித்தானே? தோற்றவனிடமும் பரவாயில்லை என்போம், நன்றாகச் செய்தவனிடமும் பரவாயில்லையே என்போம். அதுவரை எனக்கு இது உறைத்ததே இல்லை.

என் முதல் நோயாளி லோத்குண்டாவில், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனபின் எழுந்து நிற்கவே பயந்தார். நானே காரை ஓட்டிப்போய் வாசலில் நிறுத்திய பெருமை என் முகத்தில் வழிந்திருக்கவேண்டும். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டேன். ஈரக் காலோடு குளியலறையில் திரும்பியதைச் சொன்னார். வாக்கரைக் கொடுத்தேன். எழுந்தார், உடனே உட்கார்ந்துவிட்டார். "பர்வாலேது சார்" என்றேன். மறுபடி எழுந்தார். ஒரு அடி வைத்தார், இன்னொன்று வைத்தார், ஜன்னலை நோக்கிப் போகத் தொடங்கினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஆகட்டுங்க, ஆகட்டுங்க!" என்று கத்திவிட்டேன்.

மனிதர் அறை நடுவே அப்படியே விறைத்து நின்றார். "ஆகாலா?" என்று திரும்பாமலே கேட்டார். நிற்கவா என்று.

"ஐயோ, நக்கோ சார்! நடவண்டி, நடவண்டி" என்றேன், வேண்டாம், நடங்கள் என்று. அவர் ஜன்னல்வரை நடந்தார்.