ஓரகத்திக்குக் கிடைத்த எண்

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் "மரு அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். உள்ளங்காலிலும் விரலிடுக்கிலும் வரும் மருக்களைச் சுரண்டி, உள்ளே குடியிருக்கும் பாப்பிலோமா வைரஸ் எந்த வகை என்று சொல்வது அவள் வேலை. அது சின்னக் குடும்பமல்ல. மனிதன் தோன்றிய காலத்திலிருந்து அவன் தோலோடு கூடவே வந்து, அவசரமே இல்லாமல் மாறி, ஆல்ஃபா, பீட்டா, காமா என்று கிளை கிளையாய்ப் பிரிந்து கிடக்கிறது. "என் புகுந்த வீட்டைவிட இதுல பங்காளிங்க ஜாஸ்தி" என்பாள்.

வினை அந்தப் புகுந்த வீட்டிலிருந்துதான் வந்தது. கொழுந்தனுக்கு வாய்த்த பெண்டாட்டியும் இதே படிப்புப் படித்தவள். "உன் லேப்லயே சேத்து விடேன்" என்று இவள் புருஷன் நச்சரிக்க, சேர்த்துவிட்டதும் இவள்தான், பக்கத்து மேசையைக் கொடுத்ததும் இவள்தான். யாரைக் குற்றம் சொல்வது?

புதிய வகை என்று பெயர் வாங்குவது லேசில்லை. உறையைக் கட்டும் மரபணு, தெரிந்த எந்த வகையோடு ஒப்பிட்டாலும் பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபட வேண்டும். அப்போதுதான் அதற்கென்றே இருக்கும் மையம் வரிசையில் அடுத்த எண்ணைத் தரும். ஓரகத்திகளில் பெரியவளான மரு அக்காவும் ஒரு காலத்தில் ஒன்றைக் கண்டுபிடித்து, மாமியார்வரை சொல்லிப் பூரித்தாள். வேறுபாடு ஒன்பது சொச்சம்தான். பழைய வகையின் உள்வகை என்று ஒதுக்கிவிட்டார்கள். அந்தச் சொச்சம் இன்றும் அவள் தொண்டையில் முள்ளாய் நிற்கிறது.

நேற்று வந்த சின்னவள் ஒரு நாள் திரையைத் திருப்பிக் காட்டினாள். "அக்கா, பதினாலு சதவீதம் வருது! அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாத்துடுங்களேன்."

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. "பாத்துட்டா போச்சு" என்று சிரித்தாள்.

ஒரே மருவில் இரண்டு வைரஸ் இருந்தால், படியெடுக்கும்போது சில சமயம் இதன் தலை அதன் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். கூடத்தில் அதற்கு "ஒட்டு" என்று பெயர். ஒட்டைப் புதுசு என்று அனுப்பி மாட்டிக்கொண்டால் அப்புறம் யார் முகத்திலும் விழிக்க முடியாது. சோதிக்க வழி உண்டு. மரபணுவை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனியாக வம்ச மரம் போட்டுப் பார்க்க வேண்டும். பெரியவள் போட்டாள். முன்பாதி காமாவின் ஒரு கிளையில் உட்கார்ந்தது, பின்பாதி வேறொரு கிளைக்குத் தாவியது.

ஒட்டேதான்! அன்று முழுக்க ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே குழாய்களை அடுக்கினாள். "பாத்தீங்களாக்கா?" என்று சின்னவள் கேட்டபோது, "ம், பாத்தேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். மறுநாளே அது மையத்துக்குக் கிளம்பிப் போனது. வீட்டில் மாமியார் சின்னவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடியபோதெல்லாம், ஆடட்டும், எத்தனை நாளைக்கு என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

பதில் வந்தது. மையம் மூல மாதிரியைக் கேட்டு வாங்கி, வைரஸின் முழு வளையத்தையும் முதலிலிருந்து படித்திருந்தது. ஒட்டு இல்லை. எந்தக் கிளையிலும் ஒழுங்காகச் சேராமல் எப்போதோ தனியாகப் பிரிந்துபோன வம்சம், அதனால்தான் பாதிகள் மரத்தில் தடுமாறியிருக்கின்றன. எண் கொடுத்துவிட்டார்கள்.

கூடமே கைதட்டியது. பெரியவளும் தன் உள்ளங்கை நோகுமளவு தட்டினாள்.

சின்னவள் ஓடிவந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். "எல்லாம் உங்களாலதான்க்கா. ஒட்டா இருந்துடுமோன்னு எனக்கு ஒரே உதறல். நீங்க பாத்துட்டு ஒண்ணும் சொல்லலை. தப்பா இருந்தா அக்கா விட்டுடுவாங்களான்னுதான் தைரியமா அனுப்புனேன். கட்டுரைல என் பேருக்கு முன்னாடி உங்க பேருதான்."

குணத்திலும் இவளே ஜெயிக்கிறாளே என்று பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பேரை எப்படி வாங்கிக்கொள்வது?

"ஒட்டுன்னுதான் நெனச்சேன்" என்றாள்.

"அப்புறம் ஏன்க்கா சொல்லலை?"

"நீ மாட்டிக்கிட்டு அசிங்கப்படணும்னு."

சின்னவளின் கை தோளிலிருந்து மெதுவாக இறங்கியது. சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குத்தான் போக வேண்டும்.