அண்ணை எழுதி ஒட்டிய வழி

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்த அண்ணை, மொன்றியலில் ஒரு வேட்டைக்காரராகவும் வாழ்ந்தார். அதை இந்த நினைவு மலரில் எழுதவேண்டாம் என்ற உறவினர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அண்ணை எதையும் ஒளித்துச் செய்தவரல்லர்.

மூஸ் என்னும் பெரிய காட்டுமான் வேட்டைக்கு அவரை அழைத்தவர், புவாண்ட்-கிளேர் பண்டகசாலையில் கூட வேலை செய்த ழில். "துவக்குக்குப் பயந்து ஓடிவந்த எங்களுக்கு உதென்ன கோதாரி?" என்று நான் சண்டை பிடித்தேன்.

"இஞ்சை துவக்கு இறைச்சிக்கு மட்டும்தான், பிள்ளை" என்றார்.

வேட்டைக்காரர் எழுதவேண்டிய துப்பாக்கிப் பாதுகாப்புப் பரீட்சை பிரெஞ்சில். முதல்முறை கோட்டைவிட்டார், மறுமுறை தேறினார். இறைச்சி சுமந்து பழக, இருபது கிலோ அரிசிப் பையை முதுகில் கட்டிக்கொண்டு கோடை முழுவதும் நகரத்து மலைப் படிகளில் ஏறி இறங்கினார். செம்மஞ்சள் மேலங்கி, திசைகாட்டி, முதலுதவிப் பெட்டி எல்லாம் வாங்கினார்.

எல்லாம் சரி. ஆனால் புறப்படுகிறவரை "எங்கை போறியள்" என்று கேட்கிற வழக்கம் எங்களுக்கு இல்லையே! சகுனப்பிழை என்று அண்ணையின் மனைவி, என் மச்சாள், வாயே திறக்கவில்லை. அவரும் "போட்டு வாறன்" என்றதோடு சரி. ஞாயிறு வரவேண்டியவர்கள், பனியில் கார் புதைந்து செவ்வாய்தான் வந்தார்கள். இடையில் எந்தக் காடு என்று பொலிஸ் கேட்டபோது மச்சாளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

வந்து நின்றவரைப் பார்த்து, "சின்னண்ணை போனமாதிரி நீங்களுமோ?" என்று கத்திவிட்டேன். ஊரில் ஒரு காலை சைக்கிளில் புறப்பட்ட சின்னண்ணையை எங்கே என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவர் திரும்பவேயில்லை. அண்ணை அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு பயணமும் தாள் எழுதாமல் போனதில்லை. எந்த வீதி, எந்த ஓடை, எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி, உரக்க வாசித்தும் காட்டுவார். மச்சாள் காதைப் பொத்தினாலும் விடமாட்டார். "சகுனம் கிடக்கட்டும். ஆறு மணிக்கு நான் வராட்டி ஏழு மணி வரைக்கும் பாத்துக்கொண்டிராதையும். போன் எடும்" என்பார்.

கடந்த ஆண்டு, வேட்டைப் பருவம் தொடங்க இரண்டு கிழமை இருக்க, தடம் பார்த்துவரப் புறப்பட்டார். ழிலுக்குக் கால் முறிந்திருந்தது. தனியே போகவேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆறு மணி தாண்டியதும் மச்சாள் பொலிசை அழைத்து, தாளை எழுத்துக்கூட்டி வாசித்தார். எழுதியிருந்த அதே ஓடைக்கரையில், நெஞ்சைப் பிடித்தபடி மரத்தில் சாய்ந்திருந்த அண்ணையைக் கண்டுபிடித்தார்கள். கோட்-டெ-நெய்ஜில் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று நாள் இருந்தார். பிள்ளைகளும் மச்சாளும் நானும் பக்கத்திலேயே இருந்தோம். "நீர் நேரத்துக்குப் போன் எடுத்தனீர்" என்று மச்சாளைப் பார்த்துச் சிரித்தார். மூன்றாம் நாள் கண் மூடினார்.

காட்டுக்குள் இறங்கித் தேடியவர்களுக்கும், ஊன்றுகோலோடு வந்து வழிகாட்டிய ழிலுக்கும், நாள்தோறும் சமைத்துக் கொண்டுவந்த எங்கள் லாசால் பகுதி அயலவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சின்னண்ணைக்கு எந்த நாளில் திவசம் கொடுப்பது என்று தெரியாமல் இத்தனை வருடமாக இருக்கிறோம். அண்ணைக்கு இன்று, நாள் தெரிந்து, ஓராண்டு நிறைவில் ஆட்டைத் திவசம் செய்கிறோம்.