கணக்கில் வராத இரண்டு வருடம்

என் மகளுக்கு ஏர்போர்ட்டில் வேலை கிடைத்துவிட்டது என்று லண்டனில் எங்கள் ஹவுன்ஸ்லோ முழுக்கச் சொன்னவன் நான்தான். நான் வேலை செய்யும் தமிழ்க் கடையில் கத்தரிக்காய் பொறுக்க வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். கத்தரிக்காய்க்குத்தான் காசு, செய்தி இலவசம். பிறகுதான் மகள் விளங்கப்படுத்தினாள். வேலை இன்னும் கிடைக்கவில்லையாம், நேர்முகத்தில் மட்டும் பாஸாம். அதற்குள் ஒருவர் எனக்குக் கைகொடுத்து வாழ்த்தும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். திருப்பிக் கேட்டு வாங்கவா முடியும்?

அது ஏர்போர்ட்டுக்கு உள்ளே, பைகளைச் சோதிக்கிற இடத்துக்கு அங்கால் இருக்கிற கோப்பிக்கடை. அங்கே நிற்க வேண்டுமென்றால் கழுத்தில் ஒரு பாஸ் தொங்க வேண்டும். பாஸ் தருவதற்கு முன், கடந்த ஐந்து வருடமும் நீ எங்கே இருந்தாய், என்ன செய்தாய், அதற்கு யார் சாட்சி என்று கேட்பார்கள். என்னிடம் கேட்டிருந்தால் நேற்று மத்தியானம் என்ன செய்தேன் என்பதற்கே முழிசியிருப்பேன். மகள் அப்படியில்லை. நாங்கள் முந்தி இருந்த இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோவில் பள்ளிக்கூடம் முடித்த சான்றிதழை வைத்திருந்தாள். தாயோடு லண்டனுக்கு வந்து என்னோடு சேர்ந்த பிறகு இங்கிலீஷ் படித்த கல்லூரியின் கடிதமும் இருந்தது. நடுவில் இரண்டு வருடம். அதற்குத்தான் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

அந்த இரண்டு வருடமும் அவள் சும்மா இருக்கவில்லை. பலெர்மோவில் துறைமுகத்துக்குப் போகிற தெருவில் ஒரு பாரில் வேலை செய்தாள். பார் என்றதும் கண்ணை உருட்டாதீர்கள். இத்தாலியில் பார் என்றால் காலையில் கோப்பியும் பணிசும் விற்கிற இடம். விடியத் திறப்பாள், நின்ற நிலையில் மத்தியானம் வரை கோப்பி போடுவாள், பாத்திரம் கழுவுவாள், கிழவர்களின் அரசியலைக் கேட்பாள். எல்லாம் கறுப்பில். ஐரோப்பாவில் இருந்துவிட்டு வந்த தமிழருக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: காசு கையில் வரும், பெயர் எந்தப் பதிவிலும் வராது.

அந்த ஊரில் இளம் பிள்ளைகளுக்கு இரண்டு வழிதான் தெரிந்தது. ஒன்று கறுப்பில் வேலை, மற்றது வடக்கே போகிற ரெயில். நாங்கள் தமிழர் என்பதால்தான் எங்கள் பிள்ளைகளுக்கு இப்படி என்று சொல்லி ஆறுதல்படலாம் என்றால், அதற்கும் வழியில்லை. மகளோடு படித்த இத்தாலியப் பெடியன் ஒருவன் பெரிய படிப்பு முடித்துவிட்டுக் கடற்கரையில் சுற்றுலாக்காரருக்குக் குடை விரித்துக்கொண்டிருந்தான், அதுவும் கறுப்பில். இந்த ஒரு விஷயத்தில் சிசிலி எல்லாப் பிள்ளைகளையும் சமமாகத்தான் நடத்தியது.

நானும் அங்கே வீடு துடைத்ததில் முக்கால்வாசி கறுப்பில்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சமாதானமாகப் பிரிந்தவர்கள். என்னை எழுத்தில் போடாமல் விட்டது எழுத்துக்குத்தான் நல்லது என்று இருந்துவிட்டேன். ஆனால் இவள் படித்தவள்.

"வீட்டிலை இருந்தனான் எண்டு எழுதிப்போட்டு விடன் பிள்ளை," என்றாள் மனைவி.

"நான் வீட்டிலை இருக்கேல்லை அம்மா."

"அது எங்களுக்குத் தெரியும். அவங்களுக்கு ஏன்?"

"இருட்டுக்குள்ளை எழும்பிப் போனது நான். கை சுட்டது எனக்கு. பிறகு ஏன் நான் படுத்துக் கிடந்தனான் எண்டு எழுதோணும்?"

"படுத்துக் கிடந்த ஆள் வேணுமெண்டால் என்னைப் போடு," என்றேன் நான். "சாட்சிக்குக் கொம்மா வருவா."

ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்தப் பார்க்காரனை எனக்கு நன்றாகத் தெரியும். அவனுடைய தாயின் வீட்டை நான்தான் துடைத்தேன். ஒருநாள் நிலம் துடைத்துக்கொண்டே, "என்ர மகள் படிப்பு முடிச்சிட்டாள், வேலை இல்லை" என்று கிழவியிடம் ஒரு வார்த்தை போட்டேன். அடுத்த கிழமை மகள் பாரில் நின்றாள். அங்கே வேலை அப்படித்தான் கிடைக்கும். மனுப் போட்டு வேலை எடுத்த ஒருவரை நான் அங்கே கண்டதில்லை. யாரோ ஒருவர் யாரோ ஒருவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆகவே அவனுக்குப் போன் போட்டேன். அவன் இத்தாலியனில் சொன்னதை என் தமிழில் தருகிறேன். சத்தத்தை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

"உன்ர மகளோ! அவள் எனக்கும் மகள்தானே! எப்பிடி இருக்கிறாள்? ஒழுங்காச் சாப்பிடுறாளோ?"

"சாப்பிடுறாள். உன்னட்டை ரெண்டு வருசம் வேலை செய்தவள் எண்டு ஒரு துண்டு எழுதித் தா."

சத்தம் நின்றது.

"வேலையோ? ஆர் வேலை செய்தது? அவள் கோப்பி குடிக்க வாறவள்."

"ரெண்டு வருசமாவோ?"

"ஓம். கோப்பியிலை அவளுக்குச் சரியான விருப்பம்."

"கவுண்டருக்கு உள்பக்கம் நிண்டுதான் குடிச்சவளோ?"

அவன் பெருமூச்சு விட்டது லண்டன்வரை கேட்டது. "நான் எழுதித் தந்தால் தண்டம் வரும், கடை பூட்டவேணும். இப்ப அவளின்ர இடத்திலை நிக்கிற பிள்ளையும் வீட்டை போகோணும். நீயே சொல்லு, நான் என்ன செய்ய?"

கெட்டவன் என்றால் நாலு வார்த்தை ஏசிவிட்டு வைத்திருப்பேன். அவன் கெட்டவனும் இல்லை. பேசிய காசில் ஒருநாளும் குறைத்ததில்லை. போனை வைத்துவிட்டு பஸ் தரிப்பிடம்வரை நடந்தேன். பஸ் வந்தது, ஏறவில்லை. திரும்பி வந்தேன். மறுநாள் கடையில் வெண்டிக்காயைக் கொண்டுபோய்ப் பச்சைமிளகாய்ப் பெட்டிக்குள் கொட்டினேன். முதலாளி, "அண்ணை, சுகமில்லையெண்டால் வீட்டை போங்கோ" என்றான். வீட்டில் இருந்தால் இன்னும் மோசம் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது?

பத்திரங்கள் காட்டுவதற்கு மகளை ஆள்சேர்க்கும் அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

"நானும் வாறன்," என்றேன்.

"எதுக்கு?"

"சும்மா. பஸ்ஸிலை துணைக்கு."

துணைக்குப் போனது நான் மட்டும் இல்லை. என் பையில் சிசிலியிலிருந்து வந்த ஒரு பெரிய டின் ஒலிவ் எண்ணெயும் கூட வந்தது. பலெர்மோவில் எந்தக் கந்தோருக்கும் நாங்கள் வெறுங்கையோடு போனதில்லை. விசாக் கந்தோருக்கு ரோல்ஸ், டொக்டருக்கு மீன், வீட்டுக்காரனுக்கு வடை. லஞ்சம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. வெறுங்கையோடு போவதைத்தான் மரியாதை கெட்ட வேலை என்று நினைத்தோம்.

உள்ளே இருந்தவள் தமிழ்நாட்டுப் பிள்ளை. நாங்கள் கதைத்ததைக் கேட்டுவிட்டு, "தமிழா? வாங்க, உக்காருங்க" என்றாள். எனக்கு அதோடு வேலை முடிந்துவிட்டது. தமிழும் ஆச்சு, எண்ணெயும் இருக்கு, இனி என்ன? டின்னைத் தூக்கி அவளுடைய கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்ன சார் இது?"

"எண்ணெய், தங்கச்சி. தோசைக்கு விட்டுப் பாருங்கோ. பிறகு நல்லெண்ணெயைத் திரும்பியும் பாக்க மாட்டியள்."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சார், மொதல்ல இத எடுத்துப் பைக்குள்ள வைங்க. நான் எதுவும் வாங்கக் கூடாது. யாராவது குடுக்க வந்தாலே மேல சொல்லணும்."

"வாங்காட்டிலும் சொல்லோணுமோ?"

"ஆமா சார். பொண்ணோட ஃபைல்ல எழுதணும். மேனேஜர் வேணாம்னு சொன்னாங்கன்னா, இந்த வேலை அவங்களுக்குக் கிடைக்காது."

டின்னை எடுத்து மடியில் வைத்தேன். வரும்போது இருந்த பாரம் இல்லை அது. இரண்டு வருடம் கோப்பி போட்டவளின் வேலையை, ஒரு நிமிடத்தில் எண்ணெய் ஊற்றி வழுக்கி விழுத்தியவன் என்று என்னைக் கண்காட்சிக்கு வைக்கலாம்.

"அக்கா," என்றாள் மகள். "அப்பா இப்பிடித்தான் பழகினவர். கெட்ட எண்ணம் ஒண்டும் இல்லை. எழுதவேணுமெண்டால் எழுதுங்கோ. இப்ப என்ர ரெண்டு வருசத்தைப் பற்றிக் கதைப்பமோ?"

"சம்பளச் சீட்டு இருக்கா?"

"இல்லை."

"பேங்க்ல ஏதாவது வந்துச்சா?"

"இல்லை. கையிலைதான் தந்தவை."

அந்தப் பிள்ளை திரையில் இரண்டு பக்கம் தட்டிப் பார்த்தாள். "அப்படின்னா வேலை பாத்தீங்கன்னு என்னால போட முடியாதும்மா. ஆனா ஒரு வழி இருக்கு. சொந்தக்காரங்களா இருக்கக் கூடாது. கொஞ்சம் பொறுப்பான உத்தியோகத்துல இருந்தவங்க, அந்த ரெண்டு வருஷமும் உங்களத் தொடர்ந்து பாத்தவங்க ஒருத்தர் எழுதிக் குடுத்தா, அந்த இடைவெளிய மூடலாம்."

"எழுதினது இத்தாலிக்குப் போகுமோ? அங்க இப்ப இன்னொரு பிள்ளை வேலை செய்யுது."

"இல்லம்மா. இங்கயே இருக்கும்."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மகள் மற்றப் பக்கம் திரும்பி நின்றாள். திடீரென்று சிரித்தாள். எனக்குப் பயம் வந்துவிட்டது.

"அப்பா, ஒரு ஆள் இருக்கு. நான் கடை திறந்தவுடனை ஒவ்வொரு நாளும் முதல் கோப்பி குடிச்ச ஒரு மனிசி. பாருக்கு எதிர்க் கட்டடத்திலைதான் வேலை."

"என்ன கட்டடம்?"

"தொழில் கந்தோர். கறுப்பிலை ஆக்களை வைச்சிருக்கிற கடைக்காரரைப் பிடிக்கிறதுதான் அவவின்ர வேலை."

நானும் சிரித்தேன். பஸ் தரிப்பிடத்தில் நின்ற வெள்ளைக்கார மனிதர் எங்களைப் பார்த்துவிட்டு ஓர் அடி தள்ளி நின்றார்.

அந்த அம்மா இப்போது ஓய்வு பெற்றுவிட்டா. மகள், இப்போது பாரில் நிற்கிற பிள்ளை மூலம் நம்பர் எடுத்து, குசினி மேசையில் போனை வைத்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். நான் பிரிட்ஜைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன். மனைவி என் கையில் ஒரு அடி போட்டாள். மகள் முழுக்கதையையும் இத்தாலியனில் சொல்லி முடித்தாள்.

"நான் உன்னட்டை ஒருநாளும் கேக்கேல்லை," என்றா அந்த அம்மா. "உன்னைப் பதிஞ்சு வைச்சிருக்கிறாங்களோ எண்டு. கேட்டிருக்கோணும். அதுதான் என்ர வேலை. கேட்டால் அடுத்த நாள் நீ அங்க நிக்க மாட்டாய், எனக்கு அந்தக் கோப்பி கிடைக்காது."

"தெரியும்," என்றாள் மகள்.

"என்ன எழுதட்டும்? நீ சொல்லுறதை எழுதுறன்."

வீட்டில் இருந்தவள் என்று எழுதச் சொன்னால் எல்லாம் சுலபம். மனைவி கையால் அதைத்தான் காட்டினாள். மகள் எங்களைப் பார்க்கவில்லை. "கண்டதை எழுதுங்கோ," என்றாள்.

பிறகு வந்த கிழமைகளைப் பற்றிச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை இல்லை. ஒரு பக்கம் அந்தக் கடிதம், மறுபக்கம் என் டின். மகளுக்குக் கோபம் வந்தால் தமிழ் போய்விடும். என்னோடு இத்தாலியனில்தான் பேசினாள், அதுவும் உப்பு, பால், கதவைப் பூட்டு என்ற அளவுக்கு. நான் அவளுடைய போன் அடிக்கும்போதெல்லாம் எழும்பினேன். ஒருமுறை அது பக்கத்து வீட்டு மைக்ரோவேவ்.

கடைசியில் அந்தத் தமிழ்நாட்டுப் பிள்ளையே மகளுக்குப் போன் போட்டாள். பாஸ் சரி. டின் விஷயத்தை மேனேஜர் பெரிதாக எடுக்கவில்லை. "அப்பாவ இனிமே கூட்டிட்டு வராதீங்கன்னு மட்டும் சொன்னாங்க."

"அந்த ரெண்டு வருசத்துக்கு என்ன போட்டிருக்கிறியள் அக்கா?"

"வேலை இல்லைன்னுதாம்மா."

"நான் வேலை செய்ததைத் தான் கண்டதெண்டு அவ எழுதேல்லையோ?"

"எழுதியிருக்காங்க. ரொம்ப அழகா எழுதியிருக்காங்க, நானே ரெண்டு தடவ படிச்சேன். ஆனா கம்ப்யூட்டர்ல ரெண்டு கட்டம்தான் இருக்கு. வேலை, வேலை இல்லை. சீட்டு இல்லாம முதல் கட்டத்துல டிக் போட விடாது."

மகள் நன்றி சொல்லிவிட்டு வைத்தாள். மனைவி சாமிப் படத்துக்கு விளக்கு ஏற்றப் போனாள்.

பலெர்மோவில் அவள் வேலை செய்வதைத் தெருவில் நின்று கண்ணாடிக்கால் பார்ப்பேன். இங்கே அதற்கும் வழியில்லை. டிக்கெட் இல்லாதவன் உள்ளே போக முடியாது. முதல்நாள் ஷிப்ட் முடியும்வரை பயணிகள் வெளியே வருகிற இடத்தில் நின்றேன். யாருடைய பெயர் அட்டையும் பிடிக்காமல் நிற்கிற ஒரே ஆள் நான். அவள் வந்தாள். சட்டையில் 'பயிற்சியில்' என்று ஒரு வில்லை குத்தியிருந்தது.

"அனுபவம் இல்லாத ஆக்களுக்கு இதுதானாம். பால் நுரைக்கப் பண்ணுறது எப்பிடி எண்டு காட்டித் தந்தவை."

"நீ என்ன சொன்னனி?"

"ஒண்டும் சொல்லேல்லை. பாத்துக்கொண்டு நிண்டனான்."

"நான் அந்த மேனேஜரோடை ஒருக்கால் கதைக்கட்டோ?"

"அப்பா!"

அடுத்த மாதத் தொடக்கத்தில் முதல் சம்பளச் சீட்டு அவளுடைய போனுக்கு வந்தது. சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக்குள் ஓடிவந்தாள். "இஞ்ச பாருங்கோ, வரி வெட்டியிருக்கினம்!" வரி வெட்டியதற்குத் துள்ளிய ஒருவரை அன்றுதான் கண்டேன். தாயும் மகளும் ஒவ்வொரு வரியாக வாசித்தார்கள். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது, ஆனால் திகதி வாசிக்க வரும்.

"தொடங்கினது போன மாசம் எண்டு கிடக்கு," என்றேன்.

"ஓம், போன மாசம்தானே தொடங்கினனான்."

"அப்ப மற்ற ரெண்டு வருசம்?"

"விடுங்கோ அப்பா."

"எப்பிடி விடுறது? அங்க வார்த்தை போட்டு உன்னைச் சேர்த்து விட்டவன் நானெல்லோ?"

"இனி எனக்காக ஒருத்தரிட்டையும் வார்த்தை போடாதேங்கோ. நானே கேப்பன்."

சொல்லிவிட்டுக் கதிரையை இழுத்து இருந்து போனைத் தட்டத் தொடங்கினாள். அதே கடையில் ஷிப்டுக்குப் பொறுப்பான ஆள் தேடுகிறார்களாம். சேர்ந்து ஒரு மாதம், அதற்குள்! வாய்விட்டு வாசித்து வாசித்துப் பெயர் அடித்தாள், விலாசம் அடித்தாள். இந்த வேலையில் எவ்வளவு கால அனுபவம் என்று கேட்ட இடத்தில் விரல் நின்றது. தாயைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. பிறகு 'ஒரு மாதம்' என்று சொல்லிக்கொண்டே அடித்து அனுப்பிவிட்டாள்.

"இருங்கோவன் அப்பா, ஏன் தலைக்கு மேலை நிக்கிறியள்?"

எனக்கு இருக்க ஏலவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பஸ் தரிப்பிடம்வரை நடந்தேன்.